நொடிக்கு நானூற்று எழுபத்தாறு மீட்டர்

இருபத்தேழு டிகிரி வெப்பத்தில் ஒரு நைட்ரஜன் மூலக்கூறு சராசரியாக என்ன வேகத்தில் பறக்கிறது என்று யார் கேட்டாலும், நொடிக்கு நானூற்று எழுபத்தாறு மீட்டர் என்று சொல்வேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். இந்த ஒரு விடைக்காக, நான் ஒரு வருஷம் பாடுபட்டு வளர்த்த வகுப்பை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்கள். வருத்தப்பட்டேனா என்றால், பட்டேன். விடையை மாற்றிக்கொண்டேனா என்றால், இல்லை.

எனக்கு வீடு விழுப்புரத்தில், வேலை திண்டிவனத்தில். ஒரு தனியார் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. அந்தப் பள்ளிக்கு இரண்டு வளாகங்கள். பெரியது விழுப்புரத்தில், என் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது. சின்னது திண்டிவனத்தில் இருக்கிறது. என்னைத் திண்டிவனத்தில்தான் போட்டார்கள். ஏன் என்று ஒருமுறை கேட்டதற்கு, "அங்க ஆள் தேவை மேடம்" என்றார்கள். அதனால் தினமும் காலையில் பஸ் ஏறி, விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு எல்லாம் தாண்டிப் போய் இறங்குவேன். ஜன்னலோர சீட் கிடைத்தால் அன்றைக்கு நல்ல நாள்.

பல வருஷம் எட்டாவது, ஒன்பதாவது, பத்தாவது என்றே ஓட்டினேன். நான் படித்தது எம்.எஸ்சி. பிசிக்ஸ். ஆனால் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிசிக்ஸ் எப்போதும் ஆண்களுக்குத்தான் போகும். அதற்கு ஒரு காரணமும் தயாராக வைத்திருப்பார்கள். "பெரிய பசங்க மேடம், லேடீஸ் சொன்னா கேக்க மாட்டானுங்க." கேட்கிறார்களா இல்லையா என்று ஒரு தடவையாவது விட்டுப் பார்த்தால்தானே தெரியும்? பிசிக்ஸ் எடுத்துக்கொண்டிருந்த சாருக்கு ஒரு ஜூன் மாதம் திடீரென்று அரசு வேலை கிடைத்துவிட்டது. பள்ளி திறந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது, வேறு ஆளும் இல்லை. வேண்டா வெறுப்பாகப் பதினொன்றாம் வகுப்பை என் கையில் கொடுத்தார்கள்.

எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. பதினொன்றாம் வகுப்பை யார் எடுக்கிறார்களோ, அதே பிள்ளைகளை அவர்களேதான் பன்னிரண்டாம் வகுப்புக்கும் அழைத்துக்கொண்டு போவார்கள். பொதுத்தேர்வு முடிகிறவரை அது அவர்களுடைய வகுப்பு. ஆக எனக்குக் கிடைத்தது இரண்டு வருஷம். அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸில் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

பிள்ளைகள் பெரும்பாலும் சுற்றுவட்டார கிராமங்களிலிருந்து வருகிறவர்கள். வீட்டில் மல்லாட்டை, நெல், கரும்பு விவசாயம். கணக்கு என்றால் முகம் வெளுத்துவிடும். அவர்களிடம் நான் ஒரே ஒரு சட்டம்தான் போட்டேன். விடையில் மட்டுமல்ல, கணக்கின் ஒவ்வொரு வரியிலும் அலகு எழுத வேண்டும். எழுதாவிட்டால் அந்த வரியை நான் படிக்கவே மாட்டேன். முதல் மாதம் முனகினார்கள். இரண்டாம் மாதம் திட்டினார்கள், எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு. மூன்றாம் மாதம் பழகிவிட்டது. பெரிய பசங்களும் கேட்டார்கள். லேடீஸ் சொல்லித்தான் கேட்டார்கள்.

இயக்கவியற் கொள்கை பாடம் வந்தது. வாயு மூலக்கூறின் சராசரி வேகத்துக்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. மேலே எட்டு, வாயு மாறிலி, வெப்பநிலை மூன்றையும் பெருக்க வேண்டும். கீழே 3.14 என்கிற பையையும் மோலார் நிறையையும் பெருக்க வேண்டும். வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் வேகம். சின்னக் கணக்குதான். ஆனால் அதில் ஒரு பள்ளம் இருக்கிறது. நைட்ரஜனின் மோலார் நிறை 28 என்று வேதியியலில் மனப்பாடம் செய்திருப்பார்கள். அது கிராமில். வாயு மாறிலி 8.314 என்பதோ ஜூலில் இருக்கிறது. ஜூலுக்குள் இருப்பது கிலோகிராம். அதனால் 28 கிராமை 0.028 கிலோகிராம் என்று மாற்றிய பிறகுதான் உள்ளே விட வேண்டும். மாற்றாமல் விட்டால் நானூற்று எழுபத்தாறு வராது, பதினைந்துதான் வரும்.

மயிலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து வருகிற பெண் ஒருத்தி, முதல் பெஞ்சில் உட்காருவாள், முதலில் எழுந்து பதினைந்து என்றாள். நான் தப்பு என்று சொல்லவில்லை. "அதை மணிக்கு எத்தினி கிலோமீட்டர்னு மாத்து" என்றேன். மாற்றினாள். ஐம்பத்து நாலு.

"மிஸ், எங்க ஊரு பஸ்ஸே இதவிட ஜல்தியா போவுதே மிஸ்."

வகுப்பே சிரித்தது. நான் எதுவும் விளக்கவில்லை. அவளே உட்கார்ந்து, மேலே இருந்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்து, கிராமைக் கண்டுபிடித்தாள். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை எழுத வார்த்தை தேடிக்கொண்டிருக்க மாட்டேன். பெருமையாக இருந்தது, அவ்வளவுதான்.

பிப்ரவரியில் திருப்புதல் தேர்வு நடந்தது. இரண்டு வளாகத்துக்கும் ஒரே வினாத்தாள். வினாத்தாளும் விடைக்குறிப்பும் விழுப்புரத்தில் தயாராகும். தயாரிப்பவர் எங்கள் கோஆர்டினேட்டர் சார். வேறு பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு இங்கே வந்தவர். பாடத்திட்டம், தேர்வு, யாருக்கு எந்த வகுப்பு என்பது வரை எல்லாம் அவர் கையில். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் பச்சைப் பேனா. அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கணக்கைக் கண்டாலே ஓடுகிற பிள்ளைகளை அவர் பாஸ் செய்ய வைத்திருக்கிறார், எத்தனையோ பேர் அவரால் இன்ஜினீயரிங் போயிருக்கிறார்கள். அவர் வைத்திருந்த வித்தை ஒன்றுதான். "நம்பரை மட்டும் போடு, யூனிட்ட கடைசில ஒட்டிக்கலாம்." இதற்கு அவர் மெத்தட் என்றே பள்ளியில் பெயர். அட்மிஷன் நோட்டீசில்கூட அச்சடித்திருந்தார்கள்.

விடைத்தாள் திருத்துவதிலும் எங்கள் பள்ளிக்கு ஒரு தனி முறை. சனிக்கிழமை எல்லா ஆசிரியர்களும் விழுப்புரம் வளாகத்துக் கூடத்தில் கூட வேண்டும். விழுப்புரத்துப் பிள்ளைகளின் தாளை நாங்கள் திருத்துவோம், எங்கள் பிள்ளைகளின் தாளை விழுப்புரத்து ஆசிரியர்கள் திருத்துவார்கள். ஆரம்பிப்பதற்கு முன்னால் கோஆர்டினேட்டர் சார் எழுந்து நின்று விடைக்குறிப்பை வரி வரியாகச் சத்தமாக வாசிப்பார். ஒவ்வொரு வினாவுக்கும் நாங்கள் "சரி சார்" என்று சொல்ல வேண்டும். கடைசியில் அந்தத் தாளின் பின்பக்கம் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து விழுந்துவிட்டால் அதுதான் சட்டம். யாரும் போடாமல் இருந்ததாக எனக்குத் தெரியாது.

அன்றைக்கு ஐந்து மதிப்பெண் வினாவுக்கு வந்தார். "நைட்ரஜன் மூலக்கூறின் சராசரி வேகம். விடை, பதினஞ்சு பாயிண்ட் ஜீரோ ஆறு மீட்டர் பை செகண்ட்."

கூடம் முழுக்க "சரி சார்."

என் வாயிலிருந்து அது வரவில்லை. பக்கத்தில் விழுப்புரம் வளாகத்துப் பிசிக்ஸ் சார் உட்கார்ந்திருந்தார். அமைதியானவர், நன்றாகப் பாடம் நடத்துகிறவர். அவர் தலையைத் தூக்காமல் மெல்லச் சொன்னார். "தெரியுது மேடம், கிராம்ல போட்டுட்டாரு. இப்பக் கெளப்பாதீங்க. டீ வரட்டும், தனியாப் போய் சொல்லிக்கலாம்."

டீ வரும்போது கையெழுத்துப் போட்டிருப்போம். கையெழுத்துப் போட்ட பிறகு என் பிள்ளைகள் நாற்பது பேருக்கும் அந்த வினாவில் சூன்யம் விழும். நான் எழுந்துவிட்டேன்.

"சார், அந்த விடை நானூத்தி எழுவத்தாறு வரணும் சார்."

அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். கோபம் இல்லை. குழந்தை எதையோ உளறுகிறது என்கிற மாதிரி ஒரு சிரிப்புதான். அந்தச் சிரிப்புதான் எனக்கு எரிச்சலைக் கிளப்பியது.

"நானூத்தி எழுவத்தாறு மீட்டர், ஒரு செகண்டுக்கு. அப்படித்தானே மேடம்? அரைக் கிலோமீட்டர் ஆச்சே! கேன்டீன்ல பஜ்ஜி போட்டுக்கினு இருக்கான். வாசனை இங்க வர்றதுக்கு ரெண்டு நிமிஷம் ஆவுது. உங்க கணக்குப்படி எண்ணெயில போடறதுக்கு முன்னாடியே வந்துடணுமே?"

கூடம் சிரித்தது. நானும் சிரித்திருப்பேன், வேறு யாரையாவது சொல்லியிருந்தால். கேள்வி நல்ல கேள்வி. அதை என் வகுப்பில் யாராவது கேட்டிருந்தால் கைதட்டியிருப்பேன். ஆனால் அவர் கேள்வியாகக் கேட்கவில்லை, என்னை உட்கார வைக்கக் கேட்டார்.

"சார், மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்துக்குப் போயிருக்கீங்களா?" என்றேன்.

"போயிருக்கேன். அதுக்கென்ன?"

"அங்க எந்த ஆளாவது மெதுவா நடக்கறானா சார்? எல்லாரும் வேகமாத்தான் காலத் தூக்கி வைக்கறாங்க. ஆனா ஒரு அடி வெச்சா ஒருத்தர் மேல முட்டிக்கினு, அடுத்த அடி வேற பக்கம் போவுது. கோயில் வாசல் எதிர்லயே இருக்கும், போய்ச் சேர ரெண்டு மணி நேரம் ஆவும். பஜ்ஜி வாசனையும் அப்படித்தான் சார். மூலக்கூறு வேகமாத்தான் பறக்குது. வழியெல்லாம் காத்து நெரிசல், முட்டி முட்டித் திரும்புது."

சிரிப்பு நின்றது. எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது. துணிச்சல் வந்தால் எனக்கு நாக்கு நிற்காது, இது என் வீட்டிலும் தெரிந்த விஷயம்.

"இன்னொண்ணு சார். பெல் சத்தத்தத் தூக்கிக்கினு வர்றது இதே காத்துதான். சத்தம் ஒரு செகண்டுக்கு முந்நூத்தி நாப்பது மீட்டர் போவுதுன்னு நாமளே ஒன்பதாவதுல நடத்தறோம். தூக்கிக்கினு வர்றவன் பதினஞ்சுல நடந்தா, அவன் தலையில இருக்கற மூட்டை எப்படி சார் முந்நூத்தி நாப்பதுல ஓடும்?"

யாரோ பின்னால் இருமினார்கள். நான் பலகைக்குப் போய் இரண்டு வரி எழுதினேன். ஜூல் என்பது கிலோகிராம் மீட்டர் வர்க்கம், கீழே நொடி வர்க்கம். அதை கிராமால் வகுத்தால் கிலோகிராமும் கிராமும் அடிபடாது, உள்ளே ஓர் ஆயிரம் மாட்டிக்கொண்டு நிற்கும். வர்க்கமூலத்தில் அந்த ஆயிரம் முப்பத்தொன்று புள்ளி ஆறாக வெளியே வரும். பதினைந்தை அதால் பெருக்கினால் நானூற்று எழுபத்தாறு. அவர் போட்ட எண்ணில் பிழையே இல்லை. அந்த எண்ணுக்குப் பின்னால் அவர் ஒட்டிய மீட்டர் பை செகண்ட் தான் பொய். இதையும் சொன்னேன். பொய் என்ற சொல்லைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று பிறகு பலர் சொன்னார்கள். நான் அப்படி நினைக்கவில்லை.

கோஆர்டினேட்டர் சார் பலகையில் இருந்த இரண்டு வரியையும் படித்தார். படித்த மனிதர், புரியாமல் இருக்காது. புரிந்தது முகத்தில் தெரிந்தது. பச்சைப் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி மறுபடியும் மாட்டினார்.

"சரி மேடம். பசங்க நலன்தான் முக்கியம். பதினஞ்சுன்னு எழுதியிருந்தாலும் அஞ்சு மார்க், நானூத்தி எழுவத்தாறுன்னு எழுதியிருந்தாலும் அஞ்சு மார்க். ரெண்டையும் ஒத்துக்கலாம். ஓகேவா?"

கூடமே பெருமூச்சு விட்டது. பிசிக்ஸ் சார் என் புடவை முனையை இழுக்காத குறையாக, "உக்காருங்க மேடம், ஜெயிச்சிட்டீங்க" என்றார்.

உண்மைதான், என் பிள்ளைகளுக்கு மதிப்பெண் வந்துவிட்டது. அங்கேயே உட்கார்ந்திருந்தால் எல்லாம் சுபமாக முடிந்திருக்கும். ஆனால் என் முன்னால் இருந்த கட்டு விழுப்புரம் பிள்ளைகளுடையது. அவர் மெத்தட்டில் படித்த பிள்ளைகள். மேலே இருந்த தாளில் அழகான கையெழுத்தில் பதினைந்து புள்ளி பூஜ்யம் ஆறு என்று எழுதி, கட்டம் போட்டு, அடியில் இரண்டு கோடும் போட்டிருந்தது. அந்தப் பிள்ளை அது சரி என்று நம்பிக்கொண்டே பொதுத்தேர்வு எழுதப் போகும். அங்கே திருத்துகிறவருக்கு எங்கள் கூடத்துச் சமாதானம் தெரியாது. அந்தப் பிள்ளையும் பிள்ளைதானே? என்னால் உட்கார முடியவில்லை.

"சூத்திரத்துக்கு ரெண்டு மார்க் குடுக்கலாம் சார். பதினஞ்சுக்கு அஞ்சு குடுக்க முடியாது. காத்துக்கு ரெண்டு வேகம் இருக்காது சார்."

அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க ஆரம்பித்தது. "அப்போ என் ஆன்சர் கீ தப்புன்னு இத்தினி பேர் எதிர்ல நான் ஒத்துக்கணுமா?"

"ஒத்துக்க வேணாம் சார். மாத்தினாப் போதும்."

அவர் பிசிக்ஸ் சாரைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க சார்."

பிசிக்ஸ் சார் எழுந்தார். என்னைப் பார்க்கவில்லை. "கீ படி திருத்திடறோம் சார்" என்றார், உட்கார்ந்தார். அந்த நிமிஷம் கோஆர்டினேட்டர் மேல் வராத கோபம் எனக்கு அவர் மேல் வந்தது.

பிறகு கோஆர்டினேட்டர் சார் என் மேசைக்கு அருகில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார். "இந்த பேட்ச்ச டுவெல்த்துக்குக் கூட்டிக்கினு போவணும்னு ஆசை இருக்கில்ல மேடம்?"

எனக்குப் பயம்தான். எத்தனை வருஷம் காத்திருந்து கிடைத்த வகுப்பு. முதல் பெஞ்சுப் பெண்ணிலிருந்து கடைசி பெஞ்சு வால்கள் வரை ஒவ்வொரு முகமும் வந்து போனது. அவர் கேட்டது கேள்வி இல்லை என்பது எனக்கும் தெரியும். அதனாலேயே கேள்வியாக எடுத்துக்கொண்டு பதில் சொன்னேன்.

"ரொம்ப இருக்கு சார். அந்தப் பசங்ககிட்டதான் யூனிட்ட கடைசில ஒட்டக் கூடாதுன்னு சொல்லிக் குடுத்துக்கினு இருக்கேன்."

விடைக்குறிப்பு மேசை மேசையாகச் சுற்றி வந்தது. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். என்னிடம் வந்தபோது அடுத்தவரிடம் தள்ளிவிட்டேன். என் கட்டில் பதினைந்து எழுதியிருந்த தாள்களுக்கெல்லாம் சிவப்பில் இரண்டு போட்டேன். கோஆர்டினேட்டர் சார் பின்னாலேயே வந்து பச்சையில் அடித்து ஐந்து போட்டார். கட்டு முடிகிறவரை அப்படியே நடந்தது. நான் சிவப்பு, அவர் பச்சை. பஜ்ஜி வந்தது, ஆறியும் போனது, இரண்டு பேரும் தொடவில்லை.

சாயங்காலம் வெளி வாசலில் பிசிக்ஸ் சார் காத்திருந்தார்.

"எதுக்கு மேடம் இந்தப் பேஜாரு? உங்க பசங்களுக்குத்தான் மார்க் வந்துடுச்சில்ல?"

"உங்க பசங்களுக்கு யார் சார் சொல்லப் போறது?"

"நான் கிளாஸ்ல மெதுவா மாத்தி சொல்லிடுவேன். எனக்கு மட்டும் தெரியாதா அது தப்புன்னு?"

"தெரிஞ்சிக்கினே எழுந்து நின்னு கீ படின்னு சொன்னீங்க பாருங்க, அதான் சார் எனக்குத் தாங்கல. தெரியாம சொல்லியிருந்தா விட்டிருப்பேன்."

"ரெண்டு பொண்ணு இருக்கு மேடம் எனக்கு."

"எனக்கும் ஒரு பையன் இருக்கான் சார்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். கொஞ்சம் கடுமையாகத்தான் சொன்னேன். திரும்பிப் பார்க்கவும் இல்லை.

ஏப்ரலில் கோஆர்டினேட்டர் சார் கூப்பிட்டு அனுப்பினார். காபி வரவழைத்தார். பேச்சு இதமாகவே இருந்தது. நான் நல்ல டீச்சர், பிள்ளைகளுக்கு என் மேல் பிரியம், பன்னிரண்டாம் வகுப்புக்கு என்னைவிட்டால் சரியான ஆள் இல்லை என்றெல்லாம் சொன்னார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"அன்னிக்கி அத்தினி பேர் எதிர்ல அப்படிப் பேசினது தப்புதானே? ஒரு சாரி சொல்லிடுங்க. முடிஞ்சிது. ஜூன்ல உங்க பேட்ச் உங்களுக்கு."

ஒரு சொல். இரண்டே எழுத்து. காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிஷம் யோசித்தேன் என்பதை மறைக்க மாட்டேன். சொன்னால் என்ன, காற்று தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளப் போகிறதா? நான் சாரி சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அது அதன் பாட்டுக்குப் பறக்கும். ஆனால் ஜூன் மாதம் வகுப்பில் நின்று, ஒவ்வொரு வரியிலும் அலகு எழுதச் சொல்லும்போது என் வாய் எனக்கே புளிக்கும்.

"எதுக்கு சாரி சார்? சத்தமாப் பேசினதுக்குன்னா இப்பவே சொல்றேன். கிலோகிராமுக்குன்னா முடியாது."

"ரொம்பப் பிடிவாதம் மேடம் உங்களுக்கு."

"ஆமா சார்" என்றேன். காபி நன்றாக இருந்தது, முழுவதையும் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

ஜூனில் வகுப்பு ஒதுக்கீடு ஒட்டினார்கள். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலுக்கு எதிரே கோஆர்டினேட்டர் சாரின் பெயரே இருந்தது. வாரம் மூன்று நாள் திண்டிவனம் வந்து அவரே எடுக்கப் போகிறார். என் பெயரைத் தேடிக் கீழே கீழே போனேன். ஆறாம் வகுப்பு பி பிரிவு, அறிவியல். எம்.எஸ்சி. படித்தவளை அத்தனை படிகள் இறக்கியிருந்தார்கள். ஸ்டாஃப் ரூமில் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று பஸ்ஸில் அழுதேன். விக்கிரவாண்டி டோல்கேட் வரைக்கும் அழுதேன். துக்கத்தைவிட ஆத்திரம்தான் அதிகம். வீட்டுக்காரர், "வேற ஸ்கூல் பாக்கலாமா?" என்று கேட்டார். "தப்பாக் கணக்குப் போட்டவரு அங்கயே இருப்பாரு, சரியாப் போட்டவ நான் ஏன் போவணும்?" என்று அவர் மேல் பாய்ந்தேன். பாவம், நல்லதுக்குத்தான் கேட்டார்.

மறுநாள் மாடிப்படியில் அந்த முதல் பெஞ்சுப் பெண் வழிமறித்தாள். கண் கலங்கியிருந்தது.

"நாங்க நானூத்தி எழுவத்தாறுன்னு எழுதினதாலயா மிஸ் உங்கள மாத்திட்டாங்க? பதினஞ்சுன்னே எழுதியிருக்கலாமா மிஸ்?"

இத்தனை நாளில் என்னை நிஜமாகவே உலுக்கியது அந்தக் கேள்விதான். அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"யாரு வந்து கிளாஸ் எடுத்தாலும், யாரு எத்தினி மார்க் போட்டாலும், நீ எழுதினது சரி. அதுல மட்டும் உனக்கு சந்தேகமே வரக் கூடாது. புரியுதா?"

"புரியுது மிஸ்" என்றாள். பிறகு மணி அடித்தது, மேலே ஓடினாள். நான் கீழே இறங்கினேன்.

ஆறாம் வகுப்பு பி. உள்ளே நுழைந்ததும் ஐம்பது குரல் ராகம் போட்டு குட் மார்னிங் சொன்னது. பாதிப் பேருக்குக் கால் தரையில் எட்டவில்லை. இவர்களை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்று சலிப்போடு அறிவியல் புத்தகத்தைத் திறந்தேன். முதல் பாடத்தின் தலைப்பைப் படித்துவிட்டு, மறுபடியும் படித்தேன். பிறகு வகுப்பு என்று பார்க்காமல் வாய்விட்டுச் சிரித்தேன். பிள்ளைகளும் ஏன் என்று தெரியாமலே சேர்ந்து சிரித்தார்கள்.

அளவீடுகள்.

என்னைத் தண்டிப்பதற்கு அந்தப் பள்ளியில் இருக்கிற எல்லா வகுப்புகளிலும் தேடி, நீளத்துக்கு மீட்டர், நிறைக்கு கிலோகிராம் என்று முதல்முதலாகச் சொல்லிக் கொடுக்கிற வகுப்பில் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். அலகை ஒட்டுவதா எழுதுவதா என்று இன்னும் எந்தப் பழக்கமும் படியாத ஐம்பது பேர். பன்னிரண்டாம் வகுப்புக்குப் போய்ச் சேர இவர்களுக்கு இன்னும் ஆறு வருஷம் இருக்கிறது.

பெஞ்சை அளக்கச் சொன்னேன். சாண் வைத்து அளந்தார்கள். ஒருவன் எழுந்து "ஆறு மிஸ்" என்றான். "ஆறு என்ன?" என்றேன். விழித்தான். ஆறு சாணா, ஆறு முழமா, ஆறு பஸ்ஸா என்று கேட்டதும் வகுப்பு கொல்லென்று சிரித்தது. அன்றைக்கே சட்டம் போட்டோம். யார் வெறும் எண்ணைச் சொன்னாலும், சொன்னது யாராக இருந்தாலும், "என்ன?" என்று கேட்க வேண்டும். டீச்சர் சொன்னாலும் கேட்கலாம். இந்த உரிமை கிடைத்ததில் அவர்களுக்குத் தலைகால் புரியவில்லை. "மிஸ், எனக்கு வயசு பதினொண்ணு" என்று ஒருத்தி சொல்வாள், "பதினொண்ணு என்ன?" என்று ஐம்பது பேர் கத்துவார்கள். பக்கத்து வகுப்பு டீச்சர் இரண்டு முறை வந்து முறைத்துவிட்டுப் போனார்.

ஒரு வாரம் கழித்து கோஆர்டினேட்டர் சார் மேற்பார்வைக்கு வந்தார். கதவருகில் நின்றார். பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். பெஞ்சு, ஸ்கேல், கயிறு, தண்ணீர் பாட்டில் என்று வகுப்பு முழுக்கச் சந்தைபோல் கிடந்தது. எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்தார்.

"இன்னும் முதல் பாடத்துலயா இருக்கீங்க மேடம்? மத்த செக்‌ஷன்ல எல்லாம் முடிச்சிட்டாங்க. இதெல்லாம் ரெண்டுல முடிக்க வேண்டிய பாடம்."

நான் வாயைத் திறக்கவே இல்லை. என் மேல் ஆணையாகச் சொல்கிறேன், கண்ணால்கூட ஜாடை காட்டவில்லை. முன்வரிசையில் ரெட்டை ஜடை போட்ட ஒரு பொடிசு, சட்டம் சட்டம்தான் என்று தலையை நிமிர்த்திக் கேட்டது.

"ரெண்டு என்ன சார்?"

ஐம்பது முகமும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. கேலி இல்லை, குறும்பு இல்லை. பதிலுக்காக நிஜமாகவே காத்திருந்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். அவருடைய கை பாக்கெட்டில் இருந்த பேனாவுக்குப் போய்த் திரும்பி வந்தது.

"ரெண்டு பீரியட்மா" என்றார்.

"சரி சார்" என்று சொல்லிவிட்டு அந்தப் பொடிசு உட்கார்ந்தது.

நான் எட்டு பீரியட் எடுத்தேன்.